கடைசிப் புளியங்கொட்டை

தொலைக்காட்சியில் என் அத்தையைப் பேட்டி எடுப்பவர்கள் எப்படியும் ஓர் இடத்தில் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். இவ்வளவு சுத்தமான உச்சரிப்பை எங்கே கற்றீர்கள்? அத்தை சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து சிரிப்பாள். எங்கள் வீட்டில் ஒன்பது வயதில் ஓர் ஆசிரியை இருந்தாள் என்று ஆரம்பிப்பாள். பால் பவுடர் டின், அதில் விழுந்த புளியங்கொட்டைகள், ஒவ்வொரு பிழைக்கும் எழுந்த ‘டங்’ என்ற சத்தம் எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் டின்னில் ஒரு கொட்டையும் விழாத நாள் வந்தது, அந்த வாரமே வானொலி நிலையத்துக்குப் போய்த் தேர்வாகிவிட்டேன் என்று முடிப்பாள். போன மாதம் தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவளுக்கு நடந்த பாராட்டு விழாவிலும் இதைத்தான் சொன்னாள். மூன்றாவது வரிசையில் இருந்த என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கைதட்டினார்கள்.

அவள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கொட்டை குறைகிறது. அதைப் போட்டவள் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் மாரண்டஹள்ளியில், சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தோம். அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். நான்கு குழாய் ஸ்பீக்கர்கள், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு கேசட் ரெக்கார்டர், மூட்டை நிறைய ஒயர், இவைதான் கடை. காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் பண்டிகை என்று எதற்கும் போய்க் கட்டுவார். விசேஷமில்லாத நாட்களில் ஓர் ஆட்டோவின் தலையில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி அறிவிப்புச் செய்வார். நாளை குடிதண்ணீர் வராது, சொட்டு மருந்து முகாம், கடையில் ஆடித் தள்ளுபடி. எல்லாவற்றையும்விட அதிகம் வந்தவை சாவு அறிவிப்புகள்.

ஒரு பண்டிகையில் மூன்று நாள் கத்தி அப்பாவின் தொண்டை கட்டிப்போனது. அந்த மதியம் கடைக்குச் சாப்பாடு எடுத்துப் போன அத்தை, அப்பாவின் தங்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அம்மாவோடு சேர்ந்து வியாபாரிகளிடம் புளி வாங்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், துண்டுச் சீட்டோடு காத்திருந்த ஆட்களைப் பார்த்தாள். அப்பா சைகையால் அவளிடம் மைக்கைக் கொடுத்தார். அன்றைக்குச் செத்தவர் ஒரு வெங்காய வியாபாரி. அவர் செத்ததைவிட, அதைச் சொன்ன குரலைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசியது. தக்காளி ஏற்ற வந்த ஓசூர்ப் பக்கத்து ஆட்கள்கூட யார் அது என்று கன்னடத்தில் விசாரித்தார்களாம்.

அதிலிருந்து இரண்டு வருடம் எங்கள் ஊரில் யார் செத்தாலும் அத்தையின் குரலில்தான் செத்தார்கள். அதில் ஒரு மரியாதை இருந்தது, ஒரு சங்கடமும் இருந்தது. குழாயடியில் அவளுக்கு வழிவிட்ட பெண்கள் முதுகுக்குப் பின்னால், “இந்தப் புள்ள வாயில நம்ம பேரு வராம இருக்கணும்டி சாமி” என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் அவளை நேருக்கு நேர் வம்புக்கு இழுப்பார்.

“எம் பேர எப்ப கண்ணு படிக்கப் போற?”

“உங்க பேரு ரொம்ப நீளங்க மாமா. மூச்சுப் புடிச்சிப் பழகிட்டுச் சொல்றன்.”

வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு என்று பேப்பரில் பார்த்துக் காட்டியது அப்பா. அத்தை பாலக்கோடு போய், வேறு பஸ் மாறிப் போய்விட்டு வந்தாள். செய்தி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், தடுக்காமல் படித்தாள். வானிலை கொடுத்தார்கள், அதையும் படித்தாள். அதிகாரி தலையாட்டிவிட்டுக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா பேச்சுக்கு, எங்கிருந்தும்மா வர்றீங்க என்று கேட்டார்.

“மாரண்டஹள்ளிங்க. சந்தைக்குப் பின்னாலதாங்க எங்க வூடு.”

பக்கத்திலிருந்தவர்கள் புன்னகைத்தார்களாம். குரல் நன்றாக இருக்கிறது, பேச்சில்தான் ஊர் வாடை வீசுகிறது, சரி செய்துகொண்டு அடுத்த தேர்வுக்கு வாருங்கள் என்று அதிகாரி நல்லவிதமாகவே சொல்லி அனுப்பினார். அத்தை அன்று மாலை வந்து வாசற்படியில் உட்கார்ந்து ‘வூடு’ என்ற அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாள்ல இருக்கறத நல்லாத்தான் படிக்கறன். தாளக் கீழ வெச்சிட்டு வாயத் தொறந்தா வூடு வந்து உக்காந்துக்குது.”

தாத்தா, அவளுடைய அப்பா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர், வூட்ல பொறந்தவ வாயில வூடுதான வரும் என்றார். அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவர் கவலை வேறு. பென்னாகரத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பெண் பிடித்திருக்கிறது, மைக்கை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். சாவு சொல்கிற வாயோடு மருமகள் வந்து விளக்கேற்றுவதை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் விரும்பவில்லை. தாத்தா கெடு வைத்தார்.

“இன்னொரு தடவ போய்ட்டு வா. ஆவலன்னா பென்னாகரத்துக்காரங்களுக்குச் சேதி சொல்லிடுவேன்.”

அடுத்த தேர்வுக்குக் கடிதம் வந்தபோது சரியாக ஒரு மாதம் இருந்தது. அத்தை என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நான் வகுப்பில் சொல்வதெழுதலில் முழு மதிப்பெண் வாங்குகிறவள். அதைவிட முக்கியமான காரணம், எனக்கு இரக்கம் கிடையாது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அம்மா உடைத்துப் போட்ட புளியங்கொட்டையில் ஒரு கூடை அள்ளி என் முன்னால் வைத்தாள். காலி பால் பவுடர் டின் ஒன்றைக் கொடுத்தாள்.

“நீதான் பாப்பா இனிமே எனக்கு வாத்தியாரு. தப்பு வந்தா ஒரு கொட்ட போடு. போட்டதும் நான் அதத் திருத்திச் சொல்லிட்டுத்தான் அடுத்த பேச்சு பேசுவன். நான் சிரிச்சாலும் சரி, அழுதாலும் சரி, வுடக்கூடாது.”

நான் டின்னில் ஒரு கொட்டை போட்டேன்.

“எதுக்குடி?”

“வுடக்கூடாது இல்ல அத்த. விடக்கூடாது.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து நின்று, வானொலியில் சொல்வதுபோல, நான் சிரித்தாலும் அழுதாலும் விடக்கூடாது என்று திருத்திச் சொன்னாள். அதுதான் முதல் கொட்டை.

பேட்டிகளில் அவள் சொல்லும் பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. அவள் சொல்வதைவிட அது வேடிக்கையாகவே இருந்தது. பல் துலக்குவதிலிருந்து படுப்பது வரை டின்னைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தேன். பள்ளிக்கூடம் போகும் நேரம் மட்டும்தான் அவள் தன் இஷ்டத்துக்குப் பேசினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் கொட்டைகளைத் தரையில் கொட்டி எண்ணி, மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் எண்ணை எழுதுவோம். முதல் நாள் முப்பத்தொன்று. வூடு, வுடு, ஓணும், பளம். ‘ழ’வுக்காக மட்டும் ஒரு நாள் பதினொரு கொட்டைகள் போட்டேன். வாழைப்பழக்காரன் தெருவில் வந்தால் அத்தை உள்ளே ஓடிவிடுவாள்.

அதிகாரம் என் தலைக்கேறியது. பால்காரரைத் திருத்தினேன். அம்மாவுக்கும் கொட்டை போடத் தொடங்கினேன். அம்மா ஒருமுறை கரண்டியைக் காட்டினாள், நிறுத்திக்கொண்டேன். வகுப்பில் என் பக்கத்துப் பெண்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். நான் அதை என் உச்சரிப்பின் மீது அவர்களுக்கிருந்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தாத்தா எதிர்க்கட்சி. அத்தையைத் தடுக்கி விழவைப்பதே அந்த மாதம் அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. ஒன்றும் தெரியாதவர் மாதிரி மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்து, தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்பார்.

“கண்ணு, செவலக் கன்னு எங்க கட்டியிருக்குது?”

“வூட்டுக்குப் பின்னாலப்பா.”

டங். தாத்தா தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிறது என்று திருத்துவாள். ஒரே கேள்வியை அவர் ஒரு நாளில் நான்கு முறை கேட்டதுண்டு. கன்று எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலா?

ஒருநாள் சாயங்காலம் நான் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அறம், பொருள், இன்பம், வீடு. கடைசிச் சொல் காதில் விழுந்ததும் தாத்தா நிறுத்தச் சொன்னார். இது எந்த வூடு என்று கேட்டார். இது நாம் இருக்கிற வீடு இல்லை, மோட்சம், செத்தபிறகு போகிற இடம் என்று டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அப்பிடி வா. இருக்கறது வூடு, போறது வீடு. ரெண்டும் வேற வேற. இது தெரியாம எம் பொண்ணுக்குக் கொட்டயாப் போட்டுக் கொன்னுக்கிட்டிருக்கற நீ.”

அத்தை சிரித்தாள். அம்மா சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் போட்டிருந்தது.

எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. பதினெட்டு, பன்னிரண்டு, ஏழு. மூன்றாவது வாரத்தில் நான்கு. நான்காவது வாரத்தில் ஒன்று, இரண்டு, ஒன்று. தேர்வு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரம் வரை டின் காலியாக இருந்தது. தாத்தாவுக்கு அது தெரியும். கடைசி முயற்சியாகத் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து, செவலக் கன்னைப் பற்றிக் கேட்டார்.

“வீட்டுக்குப் பின்புறம் கட்டியிருக்கிறது, அப்பா.”

யோசிக்காமல் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள். நான் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். தாத்தா வழக்கம்போலத் தொடையைத் தட்டவில்லை. அத்தையின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

“தோத்துட்டன் கண்ணு” என்றார். பிறகு தீவனம் வைக்கப் போய்விட்டார்.

அவர்கள் இரண்டு பேரும் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். இதை அப்போது யாரும் கவனித்திருக்க நியாயமில்லை. நான்கூட, பல வருடம் கழித்து, பத்திரிகையில் அடுத்தவர் எழுதியதைத் திருத்தும் வேலையில் சேர்ந்தபிறகு, ஒரு மதியம் யாரோ ஒருவருடைய வாக்கியத்தை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை தாத்தா மாட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு போய் வந்தார். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். அத்தை சொம்போடு போனபோது சாய்ந்திருந்தார். அத்தை கூப்பிட்டாள், தோளைத் தொட்டாள், அப்புறம் சொம்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்பா ஓடினார், அம்மா ஓடினாள். நான் ஒரு பக்கச் சடைக்கு ரிப்பன் கட்டி, மறுபக்கம் கட்டாமல், டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். எழுந்ததிலிருந்து என் வேலை ஆரம்பமாகிவிடும் என்பதால் அது என் கையில் இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

எனக்குச் சாவு தெரியாது என்று சொல்ல முடியாது. மைக் செட்காரர் வீட்டுப் பெண் நான். வாரத்துக்கு இரண்டு சாவைக் காதால் கேட்டு வளர்ந்தவள். தாத்தா செத்துப்போய்விட்டார் என்பது அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அழுகையும் வந்தது. ஆனால் தேர்வுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது, அதுவும் தெரிந்திருந்தது.

அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். தாத்தாவின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் அப்படி ஒரு குரலில் அழுது நான் கேட்டதில்லை. மைக்கில் வரும் குரல் இல்லை அது, வயிற்றிலிருந்து வந்தது.

“எங்கப்பா... எங்கப்பா... கட்டுன வூட்ட இப்பிடி...”

டங்.

என் கை போட்டது. இத்தனை வருடம் கழித்தும் இதற்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை. விரலிடுக்கில் ஒரு கொட்டை எப்போதும் தயாராக இருக்கும். சொல் காதில் விழுந்தது, கொட்டை டின்னில் விழுந்தது.

அத்தை தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்ன பிள்ளையைப்போலப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“வீட்டை” என்றாள். “கட்டிய வீட்டை...”

அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. அழுகை அந்த இடத்தில் நின்றுவிட்டது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, விழுந்து கிடந்த சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். புள்ளைக்கு வாயடைச்சிப் போச்சி, அழ வைங்க, அழ வைங்க என்று அவளைக் கட்டிப் பிடித்து உலுக்கினார்கள். அவள் அழவில்லை. அம்மா மட்டும் என்னிடம் வந்தாள். அடிக்கவில்லை. கையிலிருந்த டின்னை வாங்கிச் சமையற்கட்டில் உயரமான பலகையில் வைத்துவிட்டு, கட்டாத சடைக்கு ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

ஊருக்குச் சொல்ல வேண்டும். அப்பா துண்டுச் சீட்டில் எழுதினார். மைக்கைப் பிடித்தார், தன் அப்பாவின் பெயருக்கு மேல் படிக்க முடியவில்லை. இரண்டு முறை முயன்றார். அத்தை ஆட்டோவில் ஏறி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். நீ வேணாம், ஆட்டோக்காரனையே படிக்கச் சொல்லலாம் என்று அப்பா சொல்லும்போதே மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். நான் வாசலில் நின்று கேட்டேன். சந்தைத் தெருவைச் சேர்ந்தவரும், மைக் செட் உரிமையாளரின் தகப்பனாருமான இன்னார் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில் அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும்.

அன்னார். அன்னாரது இல்லம். வூடும் இல்லை, வீடும் இல்லை. கொட்டை போட ஓரிடமும் இல்லை என்று நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். ஆட்டோ சந்தையைச் சுற்றி வந்தபோது தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்களாம். இழவுக்கு வந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், “பெத்த அப்பனுக்கு எப்பிடிப் படிக்குது பாருடி, தொண்ட கூடக் கம்மல” என்றாள். நான் அதைப் புகழ்ச்சி என்று நினைத்தேன். அவள் சொன்னதும் பாதி அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் புறப்பட்டார்கள். அத்தை குளித்து, நூல் புடவை கட்டிக்கொண்டு, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். உறவுக்காரப் பெண்கள் வாசலை மறித்தார்கள். காரியம் முடியாமல் பெண்பிள்ளை படி தாண்டிப் போவதா, அதுவும் வேலை கேட்டு. அப்பா பால் சொம்போடு திரும்பி வந்தார்.

“போவட்டும். இது அவரு குடுத்த கெடு. அவரே இருந்தாலும் போன்னுதான் சொல்லுவாரு.”

அண்ணன் சுடுகாட்டுப் பக்கம் போக, தங்கை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பென்னாகரத்துக்குச் சேதி போகவில்லை. வானொலியில் முதலில் அறிவிப்பு, பிறகு செய்தி, பிறகு சென்னை, பிறகு தொலைக்காட்சி. சந்தையில் டீக்கடைக்காரர் அவள் வரும் நேரத்துக்குப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். வெற்றிலைக் கடைக்காரர் செத்தபோது அவர் பெயரைப் படிக்க ஊரில் நல்ல குரல் இல்லாமல்போனது. அத்தை பணம் அனுப்பினாள், கடிதம் எழுதினாள், பிறகு போன் செய்தாள். எங்களிடமும் அந்தத் தமிழில்தான் பேசினாள். உடல்நலம் எப்படி இருக்கிறது, மழை பெய்ததா, மாடு கன்று ஈன்றுவிட்டதா. அதில் கர்வம் கொஞ்சமும் இல்லை. அவளிடம் வேறு பேச்சு இல்லை, அவ்வளவுதான். சாப்ட்டீங்களா என்று கேட்கத் தொடங்கும் அம்மாவே நாலு வார்த்தைக்குள் சாப்பிட்டீர்களா என்று மாறிவிடுவாள்.

பல வருடம் கழித்து அப்பா இறந்தபோது அத்தை சென்னையிலிருந்து காரில் வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்துவிட்டார் என்றாள். வந்திருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவளைக் கேட்டார்கள். டிவியில படிக்கற மாதிரியே இருக்குதில்ல என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ராங்கிக்காரி என்று சிலர் பேசிக்கொண்டார்கள். எல்லோரும் போனபிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “உங்க அத்த அன்னிக்குப் பாதிதான் அழுதா. மீதி அப்பிடியே நின்னு போச்சி.” அந்த டின்னைப் பற்றி அம்மா என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

போன மாத விழாவில், எல்லாம் முடிந்து மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அவளைப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமைக் கொட்டையைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களிடம், இவர்தான் என் ஆசிரியை என்றாள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். படம் எடுத்தார்கள். நானும் சிரித்தேன். கேட்கவில்லை.

தேர்வுக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை அவள் நாலு மணி பஸ்ஸில் திரும்பி வந்தாள். வாசற்படியில் பையை வைத்தாள். அப்பாவும் அம்மாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வாகிவிட்டேன் என்றாள். படிக்கச் சொன்னார்கள், படித்தேன். முன்பிருந்த அதே அதிகாரிதான். போன முறை மாதிரியே காகிதத்தை வாங்கி வைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார்.

நீ என்ன சொன்ன என்றார் அப்பா.

“வீட்டில் அனைவரும் நலம் என்று சொன்னேன்.”

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா அவளுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். எனக்கு மட்டும் கொண்டாட்டமாக இருந்தது. எந்தச் சொல்லில் போன தடவை விழுந்தாளோ, அதே சொல்லில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறாள். நாற்காலி போட்டு ஏறி, பலகையிலிருந்த டின்னை இறக்கினேன். மூன்று நாளாக யாரும் தொடாத டின். ஆட்டிக் காட்டினேன்.

“மூணு நாளா ஒண்ணே ஒண்ணுதான் அத்த.”

அத்தை டின்னை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்தாள். அந்த ஒற்றைக் கொட்டையைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் தேய்த்தாள், திருப்பி மறுபக்கம் தேய்த்தாள்.

“இனி அதுவும் வராது, பாப்பா” என்றாள். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது.

நான் காலண்டரில் புதன்கிழமைக் கட்டத்துக்குள் ஒன்று என்று எழுதினேன். வியாழனுக்கும் வெள்ளிக்கும் பூஜ்யம் போட்டேன். டின்னைக் கழுவித் துடைத்து அம்மாவிடம் ஒப்படைத்தேன். கொட்டையை மட்டும் அத்தை திருப்பித் தரவில்லை. கையை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கூடை நிறையக் கிடக்கிறதே, ஒரு புளியங்கொட்டைதானே என்று நானும் கேட்கவில்லை.